திரையில் தெரிந்த என் முதுகு

விடியற்காலையில் மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் கடற்கரைக்குப் போய் சர்ஃபிங் பழகி வருகிறேன். பலகை மேல் ஒழுங்காக நிற்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சென்ற வருடம் ஒரு சினிமாவில் கதாநாயகிக்குப் பதிலாக அலையில் நிற்க என்னைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைச் சொல்லாமலே அம்மாவை அந்தப் படத்துக்கு அழைத்துப் போனேன்.

படத்தில் கதாநாயகி ஒரே ஒருமுறை விழுகிறாள், சிரிக்கிறாள், ஒரு பாட்டு முடிவதற்குள் அலை மேல் நிற்கிறாள். அங்கே தெரிந்த முதுகு என்னுடையது. தியேட்டரில் கைதட்டினார்கள்.

“அந்தப் பொண்ணு எவ்ளோ சீக்கிரம் கத்துக்கிச்சு பாரு. நீ இன்னும் அடிபட்டுக்கினு வர்ற,” என்றார் அம்மா.

“அது நான்தாம்மா.”

அம்மா நம்பவில்லை. கடைசியில் ஓடிய பெயர்களிலும் நான் இல்லை. வெளியே வந்ததும், படப்பிடிப்பில் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன். கதாநாயகியின் உடையில் நான் விழுகிறேன், பலகையை இழுத்துக்கொண்டு மறுபடி கடலுக்குள் போகிறேன், மறுபடியும் விழுகிறேன். அம்மா முழுவதும் பார்த்தார்.

“இத்தினி நாளும் கூட யாரும் இல்லாம தனியாத்தான் போனியா?”

“ஆமாம்மா.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை காலமும் ஏங்கியிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.