கூடத்தில் வைத்த பீர் குழாய்

தவக்காலத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை. அடுப்பில் பெரிய குண்டான் நிறைய பார்லி ஊறிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

“என்ன, கோயிலுக்குக் கஞ்சி காய்ச்சுறியா?”

“இல்லண்ணே. பீர்.”

தவக்காலம் முழுக்கக் குடியை விட்டிருப்பவர் அவர். அதனால் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

“தெருவுக்குத் தெரு கடை இருக்குற ஊர்ல நீ எதுக்குக் காய்ச்சுற? போலீஸ் வந்தா?”

“விக்கலியே. வந்தா ஒரு டம்ளர் குடுப்போம்.”

எங்கள் குடும்பத்து ஈஸ்டர் மதியத்தைச் சொல்லிவிடுகிறேன். பூசை முடிந்து ஒரு வீட்டில் கூடுவோம். ஆண்கள் கொல்லைப்பக்க அறையில் பாட்டிலைத் திறப்பார்கள். பெண்கள் வஞ்சிரம் வறுத்து, ஐஸ் உடைத்து, தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். மிச்சமிருந்தால் அண்ணி அடுப்படியில் நின்றபடி ஒரு வாய் குடித்துவிட்டு முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொள்வார். பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் சக ஊழியர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்தவள் நான். வேலையை விட்டுச் சொந்த ஊரான கோவில்பத்துக்கு வந்ததும் அந்தத் தட்டு என் கைக்கு வந்துவிட்டது.

இந்த ஈஸ்டர் என் வீட்டில். தட்டைத் தூக்கப்போவதில்லை, கூடத்தில் எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து குடிக்கப்போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். பாட்டில் வாங்கினால் அது கொல்லைக்குப் போய்விடும். உள்ளே பீர் பீப்பாயும் வெளியே குழாயுமாக இருக்கும் ஃப்ரீசரை யாரும் அவ்வளவு சுலபமாக நகர்த்த முடியாது. அதற்காகத்தான் ஐஸ்கிரீம் கடையை மூடியவரிடமிருந்து, மேல்பக்கம் திறக்கும் அந்தப் பழைய பெட்டியை வாங்கிக் கூடத்தில் போட்டிருந்தேன்.

என்ன கோபமிருந்தாலும் டிரில்லிங் மெஷினைக் கண்டால் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. எடுத்து ஃப்ரீசரின் பக்கச் சுவரில் வைத்தார்.

“குழாய் இங்கதானே வரணும்?”

“இருங்க. மொதல்ல தொட்டுப் பாருங்க.”

தொட்டார். வெளித்தகடு சூடாக இருந்தது. உள்ளே குளிரூட்டும் காஸ் ஓடும் குழாய்கள் அந்தத் தகட்டை ஒட்டித்தான் போகின்றன. ஓர் ஓட்டை விழுந்தால் பெட்டி பழைய இரும்புக்குத்தான். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம் வைத்து, மரத்தில்தான் துளை போட வேண்டும். சட்டம் தயாராக இருந்தது. அதில் பீர் குழாய்க்கு ஒன்றும் காஸ் டியூபுக்கு ஒன்றுமாக இரண்டு துளைகளையும் அண்ணனே போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டுச் சொன்னார்:

“இத கொல்லையில வை. நாலு பேர் வர்ற கூடத்துலயா வைப்பாங்க?”

“கூடத்துலதான்.”

“அப்ப நான் ஈஸ்டருக்கு வரல.”

“அண்ணிய அனுப்பி வைங்க.”

ஃப்ரீசரை அப்படியே ஓடவிட்டால் பீர் கட்டியாகிவிடும். அளவான குளிர் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றைப் பொருத்தினேன். நுரைக்கான காஸ் சிலிண்டரைச் சோடா கடைக்காரர் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு வாஷர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஈஸ்டரன்று முதல் டம்ளர் முழுக்க நுரை.

“இத வச்சு சவரம் பண்ணலாம்டி,” என்றார் சித்தப்பா.

காஸைக் குறைத்தேன். அடுத்த டம்ளர் தெளிவாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தனக்கு ஒரு டம்ளர் பிடித்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் கசக்கிறது என்றார். ஆனாலும் குடித்தார்.

வரமாட்டேன் என்ற அண்ணன் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். கொல்லைப்பக்க அறை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார். உட்கார்ந்தார். ஒரு காலி டம்ளரை எடுத்து, பார்க்காமலே அண்ணி பக்கம் நீட்டினார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

“கொழா அங்க இருக்கு. நீங்களே புடிச்சுக்குங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குடித்துக்கொண்டிருந்தேன். அவரே எழுந்துபோய்க் குழாயைத் திருகினார். நுரை பொங்கி விரலில் வழிந்தது.

“டம்ளர சாச்சுப் புடிங்கண்ணே,” என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.