பின்னாடியும் தெரியணும்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். எனக்குக் கதை விடத் தெரியாது. புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே, வேறு வேலை இல்லையா உனக்கு என்று எரிந்து விழுவேன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. 1957, பங்குனி மாதம். அதுவும் பட்டப்பகலில்.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆவுடையாள் ஆச்சி வீடு. ஆச்சியின் மகன் பெரியகருப்பன் மலேயாவில் கடையில் இருந்தார். மனைவி முத்தாளின் படம் வேண்டும் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டாராம். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. கொல்லையில் நாற்காலி போட்டு, நகையெல்லாம் பூட்டி ஒரு பெண்ணை உட்காரவைத்தார் ஆச்சி. சின்ன வயசு. என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு கஜம் தள்ளி, மாட்டுக் கொட்டகை.

"கொட்டகை தெரியவே கூடாது தம்பி," என்றார் ஆச்சி. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்தால், எந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் வைக்கிறோமோ அது மட்டும் தெளிவாக விழும். முன்னும் பின்னும் கலங்கிப்போகும். துவாரத்தைச் சுருக்கினால் கிட்ட இருப்பதும் தெளிவு, எட்ட இருப்பதும் தெளிவு. எடுப்பதற்கு முன்பே இதைக் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். தலைகீழாகத் தெரியும், அவ்வளவுதான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பெண் தெளிவு. கொட்டகை வெறும் புகை. ஆச்சி கேட்டபடியே.

அப்போது காதோரம் ஒரு குரல்.

"அண்ணே... பின்னாடியும் தெரியிற மாதிரி எடுங்கண்ணே."

தலையை வெளியே எடுத்தேன். ஆச்சி தூரத்தில் வாசற்படியில் நின்றார். பெண் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமியாருக்குக் கேட்காமல் இவள்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். மணிக்கட்டில், வளையலுக்குக் கீழே, கயிறு இறுக்கிய தடம் இருந்தது. அதைப் பார்த்தபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுபடி துணிக்குள் போனேன். துவாரத்தை மெல்லச் சுருக்கினேன். கண்ணாடி இருண்டது. கொட்டகை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வைக்கோல்... கம்பம்... கம்பத்தில் ஒரு கயிறு...

இரண்டு கால்கள்.

உள்ளே ஒருத்தி நின்றாள்.

வெளியே பார்த்தேன். கொட்டகையில் மாடுகூட இல்லை.

துணிக்குள் பார்த்தேன். நின்றாள்.

துவாரத்தை முழுக்கத் திறந்தேன். கொட்டகை கலங்கியது. கம்பம் கலங்கியது. அவள் கலங்கவில்லை.

என் தொழில் எனக்குத் தெரியும். எட்டடிக்கு ஃபோகஸ் வைத்திருக்கிறேன். துவாரம் திறந்திருக்கும்போது தெளிவாகத் தெரிகிறவள் எட்டடியில்தான் நிற்க வேண்டும். நாற்காலிக்குப் பக்கத்தில்.

ஃபோகஸை ஐந்தடிக்கு இழுத்தேன். நாற்காலிப் பெண் கலங்கினாள். அவள் தெளிவு.

மூன்றடி... தெளிவு.

இரண்டடி...

உதட்டு வெடிப்புகூடத் தெரிந்தது.

முதுகில் துணி அசைந்தது. உள்ளே என் மூச்சு மட்டும் இல்லை.

"அவுக பாக்கணும்ணே."

எப்படி எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஃபோகஸைப் பழையபடி வைத்து, துவாரத்தைச் சுருக்கி, பிளேட்டைச் செருகி எடுத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். படத்தை நேராக மலேயாவுக்குத் தபாலில் போடச் சொல்லி ஆச்சி முன்பே விலாசம் கொடுத்திருந்தார். பிரிண்டு போட்டுப் பார்த்தேன். பெண்ணும் தெளிவு, கொட்டகையும் தெளிவு. கொட்டகைக்குள் யாரும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

ஆனி மாதம் ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மலேயாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த பெரியகருப்பன். அதே படத்தை மேஜைமேல் வைத்தார். கொட்டகைக்குள் அவள் நின்றாள். அவர் விரலை வைத்துக் காட்டினார்.

"பின்னாடி நிக்கிறதுதாங்க என் சம்சாரம் முத்தாள். முன்னாடி ஒக்காந்திருக்கிறது அவ தங்கச்சி, சொக்கு."

பிறகு அழாமல் எல்லாம் சொன்னார். முத்தாளை ஆச்சி அந்தக் கொட்டகையில் கட்டிப்போட்டு, சோறு தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தாராம். தை மாதமே செத்துப்போனாளாம். மகனிடம் மறைக்க, அதே முகச்சாடை உள்ள தங்கையை நகை பூட்டி உட்காரவைத்திருக்கிறார். முத்தாள் நிற்கிற இடத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, பதறிப்போய்க் கப்பல் ஏறியிருக்கிறார் இவர். வந்து கொட்டகைக்குள் போனால் அதே கம்பம், அதே கயிறு. சொக்கு. விஷயம் வெளியே போகாமலிருக்க அவளையும் ஆச்சி கட்டிப்போட்டிருக்கிறார். முந்தின நாள்தான் உயிர் போயிருந்ததாம்.

புறப்படும்போது, கொட்டகையை இவ்வளவு தெளிவாக எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். துணிக்குள் கேட்ட குரல் யாருடையதோ, முதலில் என் காதோரம் கெஞ்சியது நாற்காலியில் இருந்த அந்தப் பெண்தான் என்றேன்.

அவர் படத்தில் நாற்காலிப் பெண்மேல் விரலை வைத்தார்.

"சொக்குவுக்குப் பொறந்ததிலேருந்தே பேச்சு வராதுங்க. அதனாலதான் அவளக் கட்டிப்போட்டப்ப அக்கம்பக்கத்துல யாருக்கும் கேக்கல."