பேக்கரி டப்பாவில் வீட்டுக் கேக்

கிறிஸ்துமஸ் வந்தால் நாங்கள் சுட்ட முறுக்கும் அதிரசமும் எங்கள் தெருவுக்குள்ளேயே சுற்றும். கரும்புக்காரர் வீட்டுக்கு மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் போகும். எங்கள் அடுப்பில் ஏறி இறங்கியது எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

என் அப்பா அந்தக் கரும்புக்காரர் வயலில் கரும்பு வெட்டியவர். நான் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். அந்த வீட்டு அம்மா விழுங்கும் மாத்திரையே நான் பார்த்து அனுப்பியதாக இருக்கலாம். மாத்திரைக்குத் தீட்டில்லை.

ஒரு வருஷம் துணிந்து கேக்கே கொண்டுபோனேன். "மார்கழி மாசம்டி, முட்டை சேக்கமாட்டோம்" என்று அந்த அம்மா தட்டைத் தொடாமலே அனுப்பினார். ஒரு வாரம் கழித்துப் புத்தாண்டுக்கு அதே வீட்டில் மதகடிப்பட்டு பேக்கரி கேக்கை வெட்டினார்கள். புத்தாண்டும் மார்கழியில்தான் வருகிறது. பேக்கரிக் கோழிகள் விரதம் இருந்து முட்டை போடும் போலிருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு வாய்க் கேக் செய்யலாம் என்று போனில் வீடியோ பார்த்தேன். வீட்டிலுள்ள பொருளே போதும் என்று ஆரம்பித்த பெண், கேக் சுடும் ஓவன், மாவு அடிக்கும் பீட்டர், அச்சு என்று எடுத்து அடுக்கினாள். என் வீட்டில் இருந்தது பணியாரக் கல். மைதா, முட்டை, வெண்ணெய், சர்க்கரை கலந்து குழிகளில் ஊற்றி, சிறுதீயில் கம்பியால் திருப்பிவிட்டு, ஆறியதும் உருக்கிய சாக்லேட்டில் முக்கினேன். ஆபீசுக்கு வாங்கிய கேக்கின் பேக்கரி டப்பா ஒன்று சுத்தமாகக் கிடந்தது. அதில் அடுக்கிக் கொண்டுபோனேன்.

டப்பாவைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மார்கழி எங்கே போனதோ! பேத்திக்கு ஒன்று, தனக்கு இரண்டு, மறுபடி இரண்டு. "இன்னா இருந்தாலும் பேக்கரி பேக்கரிதான்டி" என்றார்.

"நான்தாம்மா செஞ்சேன், எங்க வூட்டுப் பணியாரக் கல்லுல."

கையிலிருந்த உருண்டையைத் திருப்பி வைக்கவும் முடியவில்லை, வாயில் போடவும் முடியவில்லை அவருக்கு. நான் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து அவரே போன் செய்தார். "பேத்தி பொறந்த நாளுக்கு அந்த உருண்டதான் வேணும்னு அழுவுது. செஞ்சு குடுடி. ஆனா அந்த டப்பாலயே போட்டு எட்த்தா. வர்றவங்க கேட்டா பேக்கரின்னு சொல்லிக்கிறேன்."

பிடிக்கவில்லை என்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பிடித்திருக்கிறது, பிடித்தும் மறைத்துத்தான் தின்பார்களாம்.

"செஞ்சு தரேம்மா. எங்க வூட்டுத் தட்டுலதான் வரும். யாரு செஞ்சதுன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரரு கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பிறந்த நாளுக்குப் பேக்கரி கேக்தான் வந்தது. வழக்கம்போல எங்கள் தெருவுக்கும் வேலையாளிடம் துண்டு துண்டாகக் கொடுத்தனுப்பினார்கள். என் அம்மா வாங்கக் கை நீட்டினாள். நான் குறுக்கே போய் வேண்டாம் என்று அனுப்பினேன். அந்த வீட்டிலிருந்து வந்ததை எங்கள் வீடு வாங்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.