கையிலிருந்த அக்கா

அம்மா போனபோது அவளுக்குப் பதினேழு, தம்பிக்கு ஏழு. அவனைத் தலையெடுக்க வைத்தவள் அவள்தான். முதல் சம்பளம் வாங்கிய அன்று முன்கையில் 'அக்கா' என்று பச்சை குத்திக்கொண்டு வந்தான். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று தெருவே மெச்சியது.

மறுவருடம் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஒரு பெரியவரை இடித்தான். அவர் பிழைக்கவில்லை. "அக்கா, என் வாழ்க்கையே போயிடும்" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ஓட்டியது நான்தான் என்று போலீஸில் சொல்லிவிட்டு, அவள் இரண்டு வருடம் ஜெயிலில் இருந்தாள். அவன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் விசாரித்து அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் 'அக்கா' இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கழுகைக் குத்தியிருந்தான்.

"யாருங்க?" உள்ளேயிருந்து தலையை நீட்டிக் கேட்டாள் புது மனைவி.

"யாரோ வேலை கேட்டு வந்திருக்காங்க."

திரும்பி வந்துவிட்டாள். ஜெயில் விஷயத்தை மறைத்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஆறு வருடம் கழித்து, இடுப்பெலும்பு முறிந்து அவன் அங்கேயே ஏழாம் நம்பர் கட்டிலில் வந்து படுத்தான்.

சோப்புக் காரம் அவன் உடம்புக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவனுடைய விரிப்பை மட்டும் கையால் துவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புவாள். படுத்தே கிடந்ததில் வந்திருந்த முதுகுப் புண் ஆறியது.

"எல்லாம் உங்க வீட்டம்மா கவனிப்பு" என்றாள் நர்ஸ். வீட்டம்மா மாலையில் வருவாள், அவன் கையைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

ஒருநாள் ஆயா லீவு. விரிப்பை அவளே கொண்டுபோனாள். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"இவங்க அன்னிக்கு வேலை கேட்டு வந்தவங்கதானே?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஜெயில்ல இருந்த பொம்பளைன்னு கேள்வி. பொருளெல்லாம் பத்திரம். ஆபீஸ்ல சொல்லி வை."

மறுநாள் காலை மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "உள்ள இருந்ததை மறைச்சிட்டியேம்மா. இனிமே வராதே."

"ஏழாம் நம்பர் விரிப்பு ஊறுது சார். அலசிப் போட்டுட்டுப் போறேனே?"

"அதெல்லாம் மெஷின் பாத்துக்கும்."

அடுத்த வாரம் ஒரு லாட்ஜில் வேலை கேட்டுப் போனாள். "கூடப் பிறந்தவங்க யாராவது?" என்று கேட்டு எழுதினார்கள்.

"யாரும் இல்லைங்க" என்றாள். அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஜெயிலுக்குப் போன தன் பெயரோடு சேர்ந்து வரக்கூடாது என்று அவளுக்குக் கவலை.