சரோ அக்காவின் வெள்ளிக்கிழமை

"விடியப் பாக்கேக்க சரோவுக்கு உயிர் இல்லை, தங்கச்சி" என்று அக்காவின் கணவர் தில்லை அண்ணை தொலைபேசியில் சொன்னபோது நான் மெல்பேர்ண் கிளேட்டன் ஆய்வுகூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். சரோ அக்காவும் நானும் எதிரெதிரே நின்று வேலை செய்த மேசை அது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது புரூஜ் நகரத்தின் நினைப்பு. இனி அந்தக் கதையை யார் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

மெல்பேர்ணில் எங்கள் சனம் கைவிரலுக்குள் அடங்கும். யார் வீட்டுப் பிறந்தநாளென்றாலும் அதே முகங்கள்தான். ஆகவே உங்களில் அந்தக் கதையைக் கேட்காதவர் இருக்க முடியாது. லண்டனில் தில்லை அண்ணையின் படிப்பு முடிந்து, இங்கே கிளம்புமுன், கணவனும் மனைவியுமாகக் கப்பலேறிப் பெல்ஜியத்துக்குப் போய், அந்தப் பழைய நகரில் கழித்த ஒரு பகல். நாங்களெல்லாம் ஐரோப்பாவை விமான நிலைய நாற்காலியில் தூங்கியபடி கடந்தவர்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கதையை இருவருமாகத்தான் சொல்வார்கள். சைக்கிள் ஓடிய பகுதி அண்ணைக்கு, சாப்பிட்ட பகுதி அக்காவுக்கு. அண்ணை வாடகைக்கு எடுத்தது ஒரே ஒரு சைக்கிள். யாழ்ப்பாணத்தில் மனைவியோடு வெளிக்கிடுகிறவன் இரண்டு சைக்கிளா எடுப்பான்? அக்காவை முன் பாரில் ஏற்றிக்கொண்டு, கல் பதித்த தெருக்களில், வாய்க்கால் ஓரமாக மிதித்திருக்கிறார். மணிக்கூண்டுக் கோபுரத்தடியில் பொலிஸ்காரன் மறித்து, பாரில் ஆள் ஏற்றக்கூடாது என்று கையால் காட்டினானாம். அக்கா கையிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலை நீட்ட, அவன் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, பின் கரியரைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் இருவரும் சைவம். அந்த ஊரில் தைரியமாக வாங்கித் தின்னக் கிடைத்தது பொரியல்தான். காலையிலும் அதுவே, மத்தியானமும் அதுவே. கிளேட்டனுக்கு வந்த பிறகுதான், பக்கத்து வீட்டுப் பெல்ஜியக் கிழவி, தங்கள் ஊரில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள் என்று பெருமையோடு சொன்னாள். அண்ணை உடனே போய்த் தலையில் தண்ணீர் வார்த்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். அக்கா அசையவில்லை. "விரதம் பிடிச்சது நாங்கள், பொரிச்சது அவன். பாவமும் அவனுக்குத்தான்" என்றார்.

இதெல்லாம் சிரிக்கிற பகுதி. என்னைத் தின்றது வேறு. பின்னேரம் அண்ணைக்குக் கால் உளைந்ததும், "இறங்குங்கோ, நான் ஓடுறன்" என்று அக்கா கைபிடியை வாங்கியிருக்கிறார். லண்டன் குளிருக்கு வாங்கிய காற்சட்டை போட்டிருந்ததால் வசதி. அண்ணை மறுபேச்சில்லாமல் கரியரில் ஏறி, அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு யாழ்ப்பாணத்து ஆம்பிளை, பட்டப்பகலில், பெண்சாதிக்குப் பின்னால்! அண்ணை இதைச் சொல்லும்போது வெட்கப்பட மாட்டார். அதைக் கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு காந்தியது. அக்காவின் சேலையிலோ வீட்டிலோ எனக்கு ஆசை வந்ததில்லை. அந்த ஒரு பகல் எனக்கு வேண்டும் போலிருந்தது.

முயற்சி செய்யாமலில்லை. ஒரு ஞாயிறு என் கணவரை நச்சரித்து யாரா ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு வாடகைச் சைக்கிள். அவர் முன்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காருக்குள் இருந்தார். "வெயிலுக்க என்னத்துக்கு? வீட்ட போய்ச் சாப்பிடுவம்" என்றார். திங்கட்கிழமை சரோ அக்கா ஆசையாக, "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். "நேற்றையான் குழம்பு" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு நாள் போதும் பிள்ளை, மிச்சமெல்லாம் வேலைநாள்தான்" என்றார். தன்னிடம் ஒரு நாள் இருப்பவருக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்று எரிச்சல் வந்தது.

செத்தவீட்டில் தில்லை அண்ணை, வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். பாரில் ஏற்றியது, பொலிஸ்காரன் மறித்தது, தான் கரியரில் ஏறியது. அதற்குமேல் அவருக்குக் கதை போகவில்லை. அது அக்கா சொல்லும் இடம். பழக்கத்தில் பக்கத்துக்குத் திரும்பினார். பிறகு குரலெடுத்து அழுதார். பெண்சாதிக்காக ஒரு மனிதர் சனத்துக்கு நடுவில் அப்படி அழுததை நான் கண்டதில்லை. போய்ச் சேர்ந்த மனுசியிலும் எனக்குப் பொறாமை வந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன். பாலத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பேரிக்காய் வாங்கியது, கத்தி இல்லாமல் மாறி மாறிக் கடித்தது, கடைசிக் கடி தனக்கு என்று அக்கா பிடுங்கியது, கோபுரத்து மணி அடிக்கிறவரைக்கும் கரையிலேயே இருந்தது. அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம், ஓம், அப்பிடித்தான்" என்று தலையாட்டினார்.

திரும்பும் வழியில் காரில் என் கணவர் கேட்டார். "நீர் ஏன் அவையின்ர கதையைச் சொன்னனீர்?"

"எங்கட கதையெண்டு ஒண்டு இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பன்."

அவர் வானொலியைப் போட்டார்.

நினைவு மலருக்குச் சரோ அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி கேட்டீர்கள். வேலையில் கெட்டிக்காரி, கை தாராளம், யாரையும் குறை சொல்லாதவர். எல்லாம் உண்மை. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொறாமையைத்தான். அதை விட மாட்டேன். அது இல்லாவிட்டால், எனக்குக் கிடைத்ததே போதும் என்று நானும் இருந்துவிடுவேன்.