சுவரைத் தாண்டிய செபமாலை

இயேசுவில் பிரியமானவர்களே, நான் முட்டத்துக்காரி. பெயர் செலின். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. அந்த வாயை வைத்தே ஆண்டவர் என் வீட்டைக் காப்பாற்றித் தந்தார்.

கணவர் இறந்த பிறகு மகள் ஜெனியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா இருந்தவரை ஒரு குறையும் இல்லை. போன தவக்காலத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார். உயில் எழுதவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணன் ததேயு விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வீட்டை விற்றுவிடலாமாம்.

"கல்யாணத்துக்கு நகை போட்டாச்சில்லா? பொம்பளப்பிள்ளைக்கு வீட்டுல என்ன பங்கு?" என்றார்.

"நகையும் அப்பா போட்டது, வீடும் அப்பா கெட்டினது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நாகர்கோவிலில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் இல்லை, உயிலும் இல்லை என்றால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றார்.

அண்ணன் சும்மா இருப்பாரா? மறுவாரமே கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பிவிட்டார். அடுக்களையும் கிணறும் அந்தப் பக்கம். திருஇருதய ஆண்டவர் படமும் அந்தப் பக்கம். அன்று உட்கார்ந்து அழுதேன். படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? "ஆண்டவரே, நீரும் அண்ணன் பக்கமே போயிட்டீரா?" என்று சண்டை போட்டேன்.

எங்களுடையது ஓட்டு வீடு. சுவர் கூரை வரை எட்டவில்லை. சாயங்காலம் இரண்டு பக்கமும் செபமாலை தொடங்கினால் கேட்க வேண்டுமே! அண்ணன் குடும்பம் சத்தத்தைக் கூட்டினால் நான் அதற்கு மேலே போவேன். "மாதாவுக்குக் காது போயிரும்மா" என்று ஜெனி சிரிப்பாள். ஆண்டவரே, அண்ணன் மனதை மாற்றும் என்பதே என் மன்றாட்டு. மாற்றாவிட்டால் அவர் காலையாவது உடைத்துவிடும் என்றும் ஒருநாள் கேட்டேன். நல்லவேளை, ஆண்டவர் அதைக் காதில் வாங்கவில்லை.

செபமாலை மாதமான அக்டோபரில் ஒருநாள் அண்ணன் மனைவி, என் மைனி, பிள்ளைகளோடு குளச்சலில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஜெனியும் டியூஷனுக்குப் போய்விட்டாள். நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அண்ணன் தனியாக, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி, தன் பாதியைச் சொல்லி நிறுத்தினார். மறுபாதி சொல்ல ஆளில்லை. சின்ன வயதில் அப்பா எங்களைப் பழக்கியதே அப்படித்தான். அண்ணன் தொடங்குவார், நான் முடிப்பேன். என் வாய் சும்மா கிடக்குமா? "புனித மரியே" என்று மறுபாதியை என்னை அறியாமலே சொல்லிவிட்டேன்.

போச்சு, இன்றைக்கு இதற்கும் சண்டைதான் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக அடுத்த "அருள் நிறைந்த மரியே" வந்தது. அண்ணன் குரல் தழுதழுத்தது. நான் மீனை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தே முழுச் செபமாலையையும் சொல்லி முடித்தோம். கழுவி வைத்த சாளையைப் பூனை கொண்டுபோனது அப்புறம்தான் தெரிந்தது.

காலையில் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி செலின், நேத்து அப்பா கூட இருந்த மாதிரி இருந்துச்சு. அவரு இருந்தா ஒன்ன வெளிய போவ விடுவாரா? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

"ஒங்களால எனக்க சாளையும் போச்சு" என்றேன். அழுகை வந்தால் எனக்கு இப்படித்தான் பேச வரும்.

"வாங்கித் தாறேன் பிள்ளே. முதல்ல ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போவோம். ஒனக்குள்ள பாதிய எழுதிருவோம்."

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது. கிணறு இருவருக்கும் பொது என்று அதில் எழுதச் சொன்னதும் நான்தான். பாசம் வேறு, பத்திரம் வேறு.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சுவர் நின்றால் சோர்ந்து போகாதீர்கள். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். சண்டை போட்டாலும் அவர் கோபிக்க மாட்டார். ஆனால் யார் பத்திரத்தை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் சுவரில் இப்போது ஒரு வாசல் வைத்திருக்கிறோம். அதற்கு மேலே அண்ணனே ஆணி அடித்து, ஆண்டவர் படத்தை என் பக்கம் பார்க்க மாட்டிவிட்டார். இனி செபமாலைக்கு அவர்கள்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். ஆண்டவருக்குக் கோடி நன்றி!