பழுப்பேறிய வளையங்கள்

என் மனைவியின் அடக்கம் முடிந்து, ஏழாம் நாள் பூசையும் நிறைவேறிய பிறகு, வழக்கப்படி வீட்டைக் கழுவினோம். இராயபுரத்தில் எங்கள் தெருவில் துக்க வீட்டைக் கழுவுவதென்றால் திரைச்சீலை முதல் செருப்புப் பலகை வரை எதையும் விடுவதில்லை. என் தங்கை கூடத்தையும் அறைகளையும் பார்த்துக்கொண்டாள். மீன்தொட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அது என் மனைவி வைத்து வளர்த்த தொட்டி. வேறொருவர் கை அதில் படுவதை நான் விரும்பவில்லை.

நான்கடி நீளத் தொட்டி. உள்ளே இரண்டு ஆஸ்கர் மீன்கள். அடியில், மர அலமாரிக்குள், இன்னொரு கண்ணாடிப் பெட்டி உண்டு, சம்ப் என்பார்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் பஞ்சின் வழியாகவும் பிறகு பீங்கான் வளையங்களின் வழியாகவும் புகுந்து, தெளிந்து, மோட்டாரால் மறுபடி மேலேறும். வளையங்களின் மேல் பழுப்பாக ஒரு வழவழப்புப் படிந்திருந்தது. அதை அழுக்கென்று கருதினேன். எல்லாவற்றையும் வாளியில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெண்மையாக்கி அடுக்கி வைத்தேன். அன்று குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை தூக்கலாகவே இருந்தது. நான் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கண்ணாடியில் விரல் வைத்தால் விரைந்து வருவது பெரிய மீனின் பழக்கம். அன்று வரவில்லை. அவள் விட்டுச்சென்றவற்றில் உயிரோடிருந்தவை அவ்விரண்டுதான். அவளுடைய கைபேசியில் எண்ணைத் தேடி, திருவொற்றியூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் பெண்மணியை அழைத்தேன். அடக்கத்துக்கும் வந்திருந்தவர். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அலமாரியின் முன் குந்தினார்.

"இன்னா சார் இது, பல்லு வெளக்குன மாரி வெள்ளையா கீது? யாரு கழுவுனது?"

"நான்தான்."

"எந்தத் தண்ணியில?"

"குழாய்த் தண்ணீரில்."

"பஷ்டு கிளாசு! அக்கா இருந்திருந்தா உன்னிய வூட்ட வுட்டே தொரத்தியிருக்கும். காலேஜ் வாத்தியாரு செய்யிற வேலயா இது?"

ஒருமையைக் கேட்டு என் தங்கையின் முகம் மாறியது. எனக்கு அது தகுதியான வசையாகவே பட்டது.

அவர் ஒரு சிறு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுகள் விட்டு, என்னிடம் நீட்டினார். கரும்பச்சை. அம்மோனியா. மீனின் கழிவில் உண்டாகும் அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள்தாம் அந்தப் பழுப்பு வழவழப்பு. அந்த வினையின் சமன்பாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் வீட்டு அலமாரியில் அதைக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

முந்தின நாளே பிடித்துவைத்ததால் பிளீச்சிங் வாடை போயிருந்த தண்ணீரால் தொட்டியின் மூன்றிலொரு பங்கை மாற்றிவிட்டு, "தீனி போடாத, தோ வந்துட்றேன்" என்று போனவர், நண்பகலுக்குள் ஈரத்துணி மூடிய வாளியோடு திரும்பினார். உள்ளே, தண்ணீரில் அமிழ்ந்து, பழுப்பு வளையங்கள்.

"இது ஒங்க வூட்டுதுதான் சார்."

எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டு வருசம் முன்ன, பொயல்ல மூணு நாளு கரண்டு இல்ல. மோட்டாரு நின்னு கடையில எல்லாத் தொட்டியும் நாறிப்போச்சு. அக்காதான் ஒங்க தொட்டி வளையத்துல பாதிய வாளியில போட்டு, ஷேர் ஆட்டோல மடியில வச்சிக்கினு வந்துச்சு. சொல்லலியா?"

சொல்லவில்லை. அவள் திருவொற்றியூர் போய்வந்த நாள் ஒன்று எனக்கு நினைவிருந்தது. அன்று மதியச் சாப்பாடு தாமதமானது என்ற அளவில்.

"அதுலேர்ந்து அக்கா சொன்ன மாரிதான் செஞ்சிக்கினு கீறேன். ஒரு மாசம் பாதி, மறு மாசம் பாதி. தொட்டித் தண்ணியில அலசணும், தேய்க்கக் கூடாது."

என் மனைவி செவிலியாக இருந்தவள். பணிக்காலம் முழுவதும் கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவியவள். அத்தகைய கைகள் இந்த வளையங்களை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கின்றன. எதை எவ்வளவு கழுவ வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். அதனினும் உயர்ந்த அறிவு எதையும் நான் வகுப்பறையில் வழங்கியதாகத் தோன்றவில்லை.

கடைக்காரப் பெண்மணி வெள்ளை வளையங்களில் பாதியை வெளியே எடுத்து, தான் கொண்டுவந்தவற்றை இடப்பக்கம் பரப்பினார். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், சொட்டு விட்ட தண்ணீர் பச்சையாகாமல் மஞ்சளாகவே நின்றது; அம்மோனியா இல்லை. பெரிய மீன் விரலுக்கு வந்தது.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, ஒரு பக்கத்து வளையங்களை மட்டும் மூன்று முறை முக்கி எடுக்கிறேன். கலங்கிய தண்ணீர் மாடியில் அவள் வைத்த செம்பருத்திக்குப் போகிறது. சென்ற மாதம் வலப்பக்கத்தின் முறை. நான் வெளுத்த வளையங்கள் அவை. ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தடவினேன். வழவழத்தது. அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டேன்.